கேட் வேலையிலிருந்து கார் பாடிக்கு: தகடு ஏன் ஓட்டை விழுகிறது, எங்கே டார்ச்சை வைக்கவே கூடாது

கேள்வி: ஐடிஐ-யில் வெல்டர் முடித்துவிட்டு இரண்டு வருடம் கேட், கிரில் வேலை பார்த்தேன். இப்போது ஈரோட்டில் ஒரு கார் டிங்கரிங் பட்டறையில் சேர்ந்திருக்கிறேன். மிக் மெஷினில் (வயரும் கேஸும் டார்ச் வழியாகத் தானாக வருகிற மெஷின்) கதவுத் தகட்டில் வைத்தால் ஓட்டை விழுகிறது, இல்லாவிட்டால் தகடு நெளிந்துவிடுகிறது. பக்கவாட்டில் அடிபட்ட கார் ஒன்று வந்திருக்கிறது, அதன் பி பில்லரைக் காய்ச்சி நேராக்கி, கிழிந்த இடத்தை ஒட்டச் சொல்கிறார் ஓனர். செய்யலாமா? வீட்டிலோ ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். அங்கே எல்லாம் ரோபோதான், வெல்டருக்கு வேலை இருக்காது என்கிறார்களே, உண்மையா?
– சங்ககிரியிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, நீங்கள் கேட்டதில் நடுவில் இருப்பதுதான் அவசரம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த பி பில்லரைக் காய்ச்ச வேண்டாம், ஒட்டவும் வேண்டாம்.

முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் நிற்கிற அந்தத் தூண்தான் பக்கவாட்டில் இன்னொரு வண்டி வந்து இடிக்கும்போது உள்ளே இருப்பவரைக் காப்பாற்றுகிறது. இப்போது வரும் பல கார்களில் அதைப் போரான் ஸ்டீலில் செய்கிறார்கள். தகட்டை 900 டிகிரிக்கு மேல் சூடாக்கி, டைக்குள் வைத்து அழுத்தும்போதே சட்டென்று குளிரவைத்துவிடுவார்கள். அதனால் அதன் இழுவலிமை, அதாவது இழுத்தால் அறுந்துபோகாமல் தாங்குகிற பலம், 1500 மெகாபாஸ்கல் வரைக்கும் போகும். நீங்கள் ஒட்டுகிற கதவு வெளித்தகடு சுமார் 300-ஐ ஒட்டித்தான் இருக்கும், அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தப் பலம் முழுக்க அந்தச் சூடும் குளிர்ச்சியும் கொடுத்தது. நீங்கள் கேஸ் டார்ச் வைத்துக் காய்ச்சினாலோ மிக்கில் ஓட்டினாலோ அந்தப் பதம் போய்விடும். வெல்டு விழுந்த கோட்டில் மட்டும் போகாது, அதற்கு இரண்டு பக்கமும் சூடு பரவிய தகடு இளகிவிடும். கிரைண்டர் போட்டு, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. அடுத்த முறை இடிபடும்போது தூண் சரியாக அந்த இடத்தில்தான் மடங்கி உள்ளே வரும்.

எல்லா காரிலும் போரான் ஸ்டீல்தான் என்று சொல்ல முடியாது. அதற்குத்தான் ஒவ்வொரு கம்பெனியும் பாடி ரிப்பேர் மேனுவல் போடுகிறது, எந்தப் பாகத்தை எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது என்று படத்தோடு இருக்கும். ஸ்பாட் வெல்டை (இரண்டு தகட்டை அழுத்திக் கரண்ட் விட்டு ஒட்டிய புள்ளியை) எடுக்கப் போடுகிற சாதாரண டிரில் பிட் வெட்டாமல் வழுக்கிக்கொண்டே நின்று முனை எரிகிறது என்றால் அது சாதாரணத் தகடு இல்லை, அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு மேனுவலைப் பாருங்கள். ஓனரிடம் மறுத்துப் பேசச் சங்கடமாக இருக்கும், தெரியும். இன்சூரன்ஸ் வண்டி என்றால் பேச்சு சுலபம்: பில்லரை முழுதாக மாற்ற வேண்டும் என்று சர்வேயரிடமே எழுதி வாங்கச் சொல்லுங்கள், பார்ட் காசும் லேபரும் சேர்த்துப் பட்டறைக்கு நஷ்டம் வராது. கைக்காசு போட்டுச் செய்கிறவர் என்றால் வண்டிக்காரரிடமே விஷயத்தைச் சொல்லிவிடச் சொல்லுங்கள். அந்தக் காரில் யார் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போவார்கள் என்று உங்களுக்குத் தெரியாது.

சரி, இப்போது கதவுத் தகட்டுக்கு வருவோம். உங்கள் கையில் குறை இல்லை, பழக்கத்தில்தான் இருக்கிறது. கேட் வேலையில் 2 மில்லி, 3 மில்லி ஆங்கிளிலும் பைப்பிலும் 10 நம்பர் ராடு வைத்து நன்றாக உருக்கிப் பழகியிருப்பீர்கள். அங்கே உருக்கம் ஆழமாகப் போனால்தான் நல்ல வேலை. கார் வெளித்தகடு 0.6 முதல் 0.8 மில்லிதான் இருக்கும். இங்கே வெல்டர் நாள் முழுக்கப் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று, தகட்டுக்குள் எவ்வளவு குறைவாகச் சூட்டை விடுகிறோம் என்பது.

மெஷினில் என்ன வயர் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். பல பட்டறைகளில் 1.2 மில்லி வயரையே எல்லாவற்றுக்கும் ஓட்டுவார்கள், அது சேஸிஸுக்கும் லாரி பாடிக்கும் சரி, கதவுக்கு ஆகவே ஆகாது. 0.8 மில்லி வயர் போடுங்கள், 0.6 கிடைத்தால் இன்னும் நல்லது. இஆர்70எஸ்-6 என்று சுருளில் எழுதியிருக்கும், அதுதான். வெறும் சிஓ2 கேஸிலும் ஒட்டலாம், ஆனால் 80 பங்கு ஆர்கானும் 20 பங்கு சிஓ2-வும் கலந்த மிக்ஸ் கேஸில் ஆர்க் மென்மையாக இருக்கும், பொறி குறைவாகத் தெறிக்கும், சன்னத் தகட்டில் அந்த வித்தியாசம் கையிலேயே தெரியும். 14-லிருந்து 16 வோல்ட்டுக்குள், 40-லிருந்து 60 ஆம்பியருக்குள் ஆரம்பியுங்கள், மிச்சத்தைக் காது சொல்லும். ஒரே சீராக 'சர்ர்ர்' என்று ஓடினால் சரி. வயர் தகட்டை முட்டித் தள்ளிக்கொண்டு 'பட் பட்' என்று அடித்தால் வயர் வேகம் அதிகம். முனையில் பெரிய சொட்டாகத் திரண்டு தொங்கி விழுந்தால் வோல்ட்டேஜ் அதிகம். அப்புறம் ஃபேன். வெக்கை தாங்காமல் ஸ்டாண்டு ஃபேனை வேலை நடக்கிற இடத்துக்கு நேராகத் திருப்பி வைப்பார்கள், கேஸ் முழுக்கக் காற்றோடு போய் வெல்டு பொடிப்பொடியாகத் துளை விழுந்து நிற்கும். ஃபேன் பக்கவாட்டில் உங்கள் உடம்புக்கு அடிக்கட்டும், வெல்டுக்கு வேண்டாம்.

கோடு இழுக்கவே கூடாது. கேட்டில் ஒரே மூச்சில் ஓட்டிய கைக்கு இதுதான் கஷ்டம். முதலில் இரண்டு ஓரத்திலும் நடுவிலும் ஒரு டேக் (தகட்டை நகராமல் பிடிக்கிற சின்னப் புள்ளி வெல்டு), அப்புறம் அவற்றுக்கு நடுவில், அப்புறம் மறுபடி நடுவில், 25 மில்லிக்கு ஒன்றாக வரும்வரை வையுங்கள். அதன் பிறகு ஒரு முனையில் ஒரு புள்ளி, உடனே மறுமுனைக்குப் போய் ஒரு புள்ளி. பக்கத்தில் உள்ளங்கை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்புக்கு மேல் சுட்டால் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு வேறு வேலை பாருங்கள். ஈரத்துணி போட்டு அவசரப்படுத்த வேண்டாம், தகடு அதனாலேயே இழுத்துக்கொள்ளும். ஓட்டை விழும் போலிருந்தால் பின்னால் ஒரு செம்புத் தகட்டை அழுத்திப் பிடியுங்கள், செம்பு சூட்டை வாங்கிக்கொள்ளும், வெல்டும் அதில் ஒட்டாது. வேலை முடிந்ததும் பேனல் நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். 'டொக்' என்று உள்ளே போய் 'டொக்' என்று வெளியே வந்தால் சூடு அதிகமாகித் தகடு இழுத்திருக்கிறது, எத்தனை கோட் பட்டி வைத்தாலும் அது போகாது.

கார் தயாராகும்போது ஒரு பாடியில் ஏறக்குறைய 3000 முதல் 5000 ஸ்பாட் வெல்டு வரை விழுகிறது. பார்ட்டை மாற்றும்போது அந்த ஸ்பாட் இருந்த இடங்களில்தான் நாம் பிளக் வெல்டு வைக்கிறோம். மேல் தகட்டில் ஓட்டை போட்டு, கீழ்த் தகட்டில் ஆர்க்கை ஆரம்பித்து, சுற்றிக் கொண்டுவந்து நிரப்ப வேண்டும். சன்னத் தகட்டுக்கு 5, 6 மில்லி ஓட்டை போதும், உள்கட்டுமானத்துக்கு 8 மில்லி. பழைய எண்ணிக்கைக்குக் குறையாமல் வையுங்கள். ஓட்டையின் ஓரத்திலேயே ஆர்க்கை ஆரம்பிப்பதுதான் பலர் செய்வது, மேலே வட்டமாக அழகாக உட்கார்ந்திருக்கும், கீழ்த் தகட்டைப் பிடித்தே இருக்காது. கழற்றிப் போட்ட பழைய பேனலிலேயே இரண்டு துண்டு வெட்டி, பிளக் வைத்து, உளியால் பிளந்து பாருங்கள். பட்டன் போல வெல்டு ஒரு தகட்டோடு நின்று, மற்றத் தகட்டில் ஓட்டை கிழிந்தால் நல்ல வெல்டு. சுத்தமாகக் கழன்று வந்தால் அது பிடிக்கவில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால் இதைச் செய்யுங்கள், ஐந்து நிமிட வேலைதான்.

டார்ச்சைக் கையில் எடுக்கும் முன்னால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஏர்பேக் வண்டியில் கழற்றிய பிறகு மேனுவல் சொல்கிற நேரம் காத்திருந்து வேலையை ஆரம்பிக்க வேண்டும். எர்த் கிளாம்பை வெல்டுக்குப் பக்கத்திலேயே, பெயின்ட் சுரண்டிய தகட்டில் மாட்டுங்கள். வீல் ஹப்பிலோ கதவுக் கீலிலோ மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போய்க் கெடுத்துவிடும். சிஎன்ஜி வண்டி என்றால் சிலிண்டர் வெளியே போன பிறகுதான் வேலை. பெட்ரோல் டேங்கை ஒட்டக் கொண்டுவந்தால், தண்ணீர் ஊற்றிக் கழுவியாச்சு என்று யார் சொன்னாலும் திருப்பி அனுப்புங்கள். ஆரஞ்சு நிற ஒயர் கண்ணில் பட்டால் அது ஹைபிரிட் அல்லது எலக்ட்ரிக், அதற்குப் பயிற்சி எடுத்தவர் கரண்டைத் துண்டித்துக் கொடுக்காமல் கிட்டேகூடப் போக வேண்டாம்.

புகையைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கார் தகட்டில் துத்தநாகப் பூச்சு இருக்கும். இரும்பு உருக 1500 டிகிரி ஆகும், துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து வெள்ளைப் புகையாக வந்துவிடும். அதை நன்றாகச் சுவாசித்தால் சாயங்காலம் வீட்டுக்குப் போன பிறகு குளிர் காய்ச்சல், வாயில் உலோக ருசி, உடம்பு வலி வரும். ஒரு நாள் இரண்டு நாளில் போய்விடுவதால் வெயில் காய்ச்சல் என்று விட்டுவிடுவார்கள். பாலும் வெல்லமும் புகையை முறிக்கும் என்று பட்டறைகளில் சொல்வதை நம்ப வேண்டாம், நுரையீரலுக்குப் போனதை வயிற்றுக்குப் போவது எடுக்காது. வெல்டு விழும் இடத்தில் இருபுறமும் பூச்சைக் கொஞ்சம் தேய்த்து எடுத்துவிட்டு, நல்ல முகக் கவசம் போட்டு, புகை முகத்துக்கு வராத பக்கம் நின்று ஒட்டுங்கள். வெல்டிங் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-லேயே முதல் பிரிவில் வகைப்படுத்திவிட்டது. இன்னொன்று, குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்த தகட்டில் ஆர்க் வைக்கவே கூடாது, அதிலிருந்து ஃபோஸ்ஜீன் என்ற விஷ வாயு வரும், அது ஆளையே கொல்லும். கண் எரிந்தால் உருளைக்கிழங்கு, தாய்ப்பால் என்று எதையும் போடாமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 10 அல்லது 11 ஷேடு கண்ணாடி இல்லாமல் ஒரு டேக்கூட வைக்காதீர்கள்.

கம்பெனி வேலைக்கு வருவோம். பெரிய கார் கம்பெனிகளின் பாடி ஷாப்பில் ஸ்பாட் வெல்டை ரோபோதான் போடுகிறது, அது உண்மை. ஆனால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் சீட் ஃப்ரேம், சைலன்சர், சேஸிஸ் பாகங்கள் செய்து கொடுக்கிற கம்பெனிகளில் ஆள் கையால் ஓட்டுகிற சிஓ2 லைன்கள் இன்னும் இருக்கின்றன. ரோபோ தவறவிட்டதைச் சரிசெய்கிற ரீவொர்க், ஸ்பாட் வெல்டு போடுகிற முனையின் (டிப்) தேய்மானம் பார்ப்பது, பிளந்து சோதிப்பது, இதெல்லாம் வெல்டு தெரிந்த மனிதன் செய்கிற வேலைதான். கரூரில் பஸ் பாடி, நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரி பாடி என்று உங்கள் ஊரைச் சுற்றியே கையால் ஒட்டுகிற தொழில் இருக்கிறது. என் அபிப்பிராயம், இந்த ஒரு வருடம் பட்டறையிலேயே இருந்து சன்னத் தகட்டைக் கைக்குக் கொண்டுவாருங்கள், அதற்கு நடுவே திருச்சியில் பெல் நிறுவனத்தின் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் நடத்துகிற பயிற்சிகளையும் விசாரித்து வையுங்கள். பைப் வெல்டிங்கில் 6ஜி (சாய்வாக நிறுத்திய பைப்பைத் திருப்பாமல் சுற்றி ஒட்டுகிற சோதனை) சர்டிபிகேட் எடுக்கச் சொல்லி ஏஜென்டுகள் பணம் கேட்பார்கள். பாய்லர் வேலைக்கும் வளைகுடாவுக்கும் அது உதவும், கார் வேலைக்குத் தேவையில்லை.

கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனால் நீங்களும் கேளுங்கள்: அப்ரென்டிஸா, கான்ட்ராக்டா, எத்தனை மாதம்? டார்ச் பிடிக்கிற வேலையா, பார்ட்டைப் பிடித்து நிறுத்துகிற ஃபிக்ஸரில் வைத்து பட்டன் அழுத்துகிற வேலையா? புகை இழுக்கிற ஃபேன் லைனில் இருக்கிறதா? பட்டன் அழுத்துகிற வேலை என்றால் சம்பளம் கொஞ்சம் கூட இருந்தாலும் வேண்டாம், இரண்டு வருடம் கழித்து வெளியே வரும்போது ஐடிஐ முடித்த அன்று தெரிந்த அளவுதான் வெல்டிங் தெரிந்திருக்கும்.