ஆதித் திருச்சபையில் சொத்தை விற்றுக் கொடுப்பது கட்டாயமாக இருந்ததா?

இல்லை. எருசலேம் விசுவாசிகளில் ஒருவரும் தம் உடைமையைத் தம்முடையது என்று சொல்லவில்லை என்று அந்தச் சபையின் வரலாற்றைச் சொல்லும் புதிய ஏற்பாட்டு நூலான அப்போஸ்தலர் நடபடிகளின் 4ஆம் அதிகாரம் கூறுகிறது. அதை மட்டும் படித்தால் சட்டம் போலத்தான் தோன்றும். அடுத்த அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை ஒளித்த அனனியாவிடம் இயேசுவின் சீடரான பேதுரு கேட்கிறார்: விற்குமுன் நிலம் உன்னுடையதுதானே, விற்ற பின்னும் பணம் உன் கையில்தானே இருந்தது? முழுவதையும் கொடுத்ததாகக் காட்டிய பொய்யே அவன் குற்றம். அதே சபையைச் சேர்ந்த மாற்கின் தாய் மரியாளோ வீட்டை விற்கவில்லை. பலர் கூடி ஜெபிக்க அதைத் திறந்துவைத்தார்.

என்னை மிகவும் தொடுவது 6ஆம் அதிகாரம். அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படவில்லை, முறுமுறுப்பு எழுந்தது. அன்பு நிறைந்த சபையிலும் இப்படி நடந்தது என்பதை நூல் மறைக்கவில்லை. அப்போஸ்தலர்கள் முறையிட்டவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. சபையையே ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, பந்திப் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும், முறையிட்டவர்களின் மொழியான கிரேக்கத்தில் அமைந்த பெயர்கள்.