பெரிய சூப்பர் மார்க்கெட் வந்த பிறகு பக்கத்துப் பலசரக்குக் கடை நிலைக்க நாம் என்ன செய்யலாம்?

மாதச் சிட்டையை அந்தக் கடையில் கொடுங்கள், ரொக்கமாகக் கொடுங்கள். என் பதில் இதுதான். "விலை கூட இருந்தாலும் பாவம் பார்த்து வாங்க வேண்டுமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன்.

எனக்கு ஊர் புளியரை. செங்கோட்டையைத் தாண்டி, கேரளாவுக்கு மலையேறும் இடம். எங்கள் தெருமுனையில் ஓர் அண்ணாச்சி கடை. இட்லி அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் கேரளாக்காரர்கள் சாப்பிடும் மட்டை அரிசி மூட்டை, நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் தேங்காய் எண்ணெய். ஆரியங்காவு பக்கத்துத் தோட்டங்களில் வேலை செய்யும் குடும்பங்கள் சம்பளம் வாங்கியதும் இறங்கி வந்து சாமான் கட்டிக்கொண்டு போவார்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிற வண்டிகள் நின்று சூடமும் பழமும் வாங்கும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து செக்போஸ்ட்டை அடைத்தபோது, இருந்த சீனியை வீட்டுக்கு ஒரு கிலோ என்று கணக்குப் பண்ணி, யாருக்கும் இல்லை என்று சொல்லாமல் கொடுத்தவர் அவர். விலையில் ஒரு ரூபாய் கூட்டவில்லை.

பக்கத்து டவுனில் பெரிய கடை திறந்து ஏழெட்டு மாதம் இருக்கும். அண்ணாச்சிக்குக் கண் புரை ஆபரேஷன். பற்று நோட்டைப் பார்த்து யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்று கூட்டித் தரச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தச் சிவப்பு அட்டை நோட்டோடு உட்கார்ந்தேன். முன்பக்கங்களில் ஒவ்வொரு மாதமும் முதல் ஐந்து தேதிக்குள் நீள நீளமான வரிசை. அரிசி 25 கிலோ, துவரை 3, உளுந்து 2, புளி, வத்தல், சோப்பு என்று பக்கம் நிறைந்திருக்கும். பிறகு அதே பெயர்கள், அதே வீடுகள். ஆனால் 12-ஆம் தேதி அரை லிட்டர் எண்ணெய். 19-ஆம் தேதி ஒரு சோப்பு, தீப்பெட்டி. 26-ஆம் தேதி கால் கிலோ ரவை, கூடவே "ஒன்றாம் தேதி தருவாங்க" என்று பென்சிலில் ஒரு குறிப்பு. எங்கள் வீட்டுப் பக்கமும் அப்படித்தான் இருந்தது. அப்பா பெயருக்குக் கீழே மாதத்தின் முதல் வாரம் முழுக்க வெறுமை.

கையில் காசு இருக்கும்போது பெரிய கடை, காசு தீர்ந்ததும் அண்ணாச்சி கடை. யாரும் அவரைக் கைவிடவில்லை, தினமும் போய்க்கொண்டுதான் இருந்தோம். "கடனுக்கு வாரவுக மட்டும் வந்தா கடை எப்படி தம்பி ஓடும்?" என்று அவர் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் அந்த நோட்டை மூடி வைக்க மனம் வரவில்லை.

இதன் பின்னால் ஒரு சங்கிலி இருக்கிறது. ஏஜென்சி லைன் வண்டி வாரத்தில் ஒரு நாள் வரும். பழைய பில்லுக்குப் பணம் கொடுத்தால்தான் புதுச் சரக்கு இறக்குவார்கள். பணம் பற்று நோட்டில் கிடந்தால் கல்லாவில் இருக்காது. அதனால் சரக்கு குறையும், அலமாரியில் இடைவெளி விழும். அப்புறம் நாமே "அங்க போனா ஒண்ணும் கிடைக்காது" என்று சொல்ல ஆரம்பிப்போம்.

சரி, விலைக்கு வருவோம். பெரிய கடை கம்பெனியிடமே லோடு லோடாக எடுக்கிறது, அதனால் அவர்களால் குறைக்க முடிகிறது. ஆனால் எல்லாவற்றிலும் குறைப்பதில்லை. சீனி, துவரம்பருப்பு, எண்ணெய் என்று நமக்கு விலை மனப்பாடமாகத் தெரிந்த சாமான்களைக் குறைத்துப் போடுவார்கள். சீரகம், பெருங்காயம், பிஸ்கட், பாத்திரம் தேய்க்கும் நார் எல்லாம் என்ன விலை என்று யாருக்கு ஞாபகம்? குறைத்ததில் விட்டதை இவற்றில் எடுத்துவிடலாம். அதனால் ஒரு பொருளை வைத்து ஒப்பிடாதீர்கள். ஒரு முழு மாதச் சிட்டையை இரண்டு இடத்திலும் விலை போட்டுப் பாருங்கள். பாக்கெட்டில் கிராமுக்கு என்ன விலை என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கும், அதையும் பாருங்கள். எங்கள் வீட்டில் போட்டுப் பார்த்தோம். பஸ் செலவையும், போன இடத்தில் தேவையில்லாமல் கூடையில் விழுவதையும் சேர்த்தால் மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் ஊரில் கணக்கு வேறாக இருக்கலாம். சில பொருளில் நிஜமாகவே பெரிய வித்தியாசம் இருந்தால் அதை மட்டும் அங்கே வாங்குங்கள், அதில் தப்பே இல்லை. பாவம் பார்த்து வாங்குவது இரண்டு மாதத்துக்கு மேல் நிற்காது.

கடைக்காரரிடம் உரிமையோடு கேட்கவும் வேண்டும். தேதி முடிந்த பாக்கெட் இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். எம்.ஆர்.பி. என்பது அதிகபட்ச விலைதான், மாதச் சிட்டைக்கு அதில் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். மொத்தமாகவும் ரொக்கமாகவும் வாங்குகிறவருக்கு எங்கள் அண்ணாச்சி குறைக்கிறார். நான் கேட்கும் வரை எனக்கு அது தெரியாது.

அரசாங்கம் தடுக்கட்டும் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். 2012-ல் பல பிராண்டு சில்லறை வணிகத்தில், அதாவது பல கம்பெனிச் சரக்கையும் ஒரே இடத்தில் விற்கும் கடைகளில், 51 சதவீதம் வரை அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தபோது, தமிழ்நாடு, கேரளா இரண்டுமே எதிர்த்தன. அந்த எதிர்ப்பு உள்நாட்டுப் பெரிய கம்பெனிகளைத் தடுக்கவில்லையே. அமெரிக்காவில் 1936-லேயே ராபின்சன்-பேட்மன் சட்டம் போட்டார்கள். ஒரே சரக்கைப் பெரிய கடைக்கு ஒரு விலை, சின்னக் கடைக்கு ஒரு விலை என்று விற்றுப் போட்டியைக் கெடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். எண்பதுகளுக்குப் பிறகு அதைப் பயன்படுத்துவதே அரிதாகிப்போனது. சட்டம் வேண்டும்தான், ஆனால் அது வரும் வரை கடை தாங்க வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு நல்ல வழி கண்டார்கள். தொண்ணூறுகளில் திருவனந்தபுரத்தில் மார்ஜின் ஃப்ரீ மார்க்கெட் தொடங்கியது. தனித்தனி முதலாளிகளின் கடைகள் ஒரே பெயர்ப் பலகையின் கீழ் சேர்ந்து, குறைந்த விலைக்குச் சரக்கு எடுத்து, லாபத்தைக் குறைத்து விற்றன. நம் பக்கம் நாலு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு லோடு பருப்பு எடுப்பதற்கே தயங்குகிறார்கள். உங்களுக்குத் தெரிந்த கடைக்காரர் இருந்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் நானும் அப்பாவும் பேசியதில் ஆறு வீடுகள் மாதச் சிட்டையைத் திரும்ப அண்ணாச்சியிடம் கொண்டுவந்திருக்கின்றன. பழைய பாக்கியைத் தவணையாக அடைக்கிறோம், புதுச் சிட்டைக்கு அன்றே பணம். பணமுடை காரணமாக நடுவில் மட்டை அரிசி எடுப்பதை அவர் நிறுத்தியிருந்தார். தோட்டத்திலிருந்து வருகிற ஒரு சேச்சி இரண்டு மாதம் வெறும் பையோடு திரும்பியதை நானே பார்த்தேன். இந்த மாதம் இரண்டு மூட்டை இறக்கி, பழைய இடத்திலேயே வாசலில் வைத்திருக்கிறார்.