காளானில் கட்டுமானப் பொருள் செய்யப் போகிறாளாம் மகள், சோறு போடுமா?

சார், உங்கள் மகள் சொல்வது கற்பனை இல்லை. வைக்கோல், மரத்தூள், சோளத்தட்டை போன்ற கழிவை வேகவைத்து, ஆறியதும் காளான் வித்தைக் கலந்து அச்சில் அடைத்தால், சில நாட்களில் வெள்ளை இழைகள் உள்ளே படர்ந்து துகள்களையெல்லாம் ஒன்றாகக் கட்டிவிடும். அப்புறம் சூட்டில் உலர்த்தினால் பூஞ்சை செத்துப்போய் பலகை மட்டும் மிஞ்சும். 2014ல் நியூயார்க்கில் இப்படி வளர்த்த சுமார் 10,000 செங்கற்களில் ஒரு கோபுரமே கட்டினார்கள், காட்சி முடிந்ததும் பிரித்து உரமாக்கிவிட்டார்கள்.

ஆனால் அந்தக் கோபுரத்தின் படத்தைப் பார்த்துவிட்டு மட்டும் முடிவெடுக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். சுமை தாங்கும் வலிமையில் இது காங்கிரீட்டுக்குப் பக்கத்தில்கூட வராது, தண்ணீரையும் உறிஞ்சும். இன்றைக்கு இதன் இடம் வெப்பக் காப்பு, ஒலியை அடக்கும் பலகை, பொருட்களைப் பொதியும் அச்சுப்பெட்டி. இந்தத் துறையில் முன்னோடியான எகோவேட்டிவ் நிறுவனம்கூட 2007ல் வெப்பக் காப்புப் பலகை செய்யும் யோசனையில்தான் ஆரம்பித்தது, வியாபாரம் பிடித்ததென்னவோ பொதியும் பொருளில். கட்டடத்துக்குள் ஒரு பொருள் போக வேண்டுமென்றால் தீ, ஈரம், வலிமை என்று சோதனைமேல் சோதனை தாண்டியாக வேண்டும், அதற்கு வருடக்கணக்கில் ஆகும். என்னைக் கேட்டால் வேலையே அங்கேதான் இருக்கிறது. ஒரே தரத்தில் ஆயிரம் பலகை வளர்க்கத் தெரிந்தவரும், அதைச் சோதித்து அறிக்கை எழுதத் தெரிந்தவரும்தான் இந்தத் துறைக்கு அதிகம் வேண்டும்.

அந்த நிறுவனத்தைத் தொடங்கிய இருவரும் கல்லூரியில் படித்தது இயந்திரப் பொறியியலும் தயாரிப்பு வடிவமைப்பும். அதனால் 'காளான் கட்டுமானம்' என்று பெயர் போட்ட பட்டத்தைத் தேடி அலையாதீர்கள். உயிரிகள் பிடிக்குமென்றால் நுண்ணுயிரியல், கணக்கும் இயற்பியலும் வருமென்றால் பொருளறிவியல், வேதிப் பொறியியல் அல்லது சிவில். இந்தத் துறை நினைத்த வேகத்தில் வளராவிட்டாலும் இந்தப் படிப்புகளுக்கு வேறு வேலை உண்டு, உங்கள் பயத்துக்கு என்னிடம் இருக்கும் நேர்மையான பதில் அதுதான். காளானை இறுதியாண்டுப் புராஜெக்டாகவோ முதுகலையிலோ எடுத்துக்கொள்ளட்டும்.

அதற்கு முன்னால் ஒன்று செய்யச் சொல்லுங்கள். சிப்பிக் காளான் வித்து வாங்கி, ஒரு சின்ன டப்பாவில் அவளே ஒரு கட்டி வளர்த்துப் பார்க்கட்டும், முகக்கவசம் கட்டிக்கொண்டு. முதல் தடவை பச்சைப் பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போகவே வாய்ப்பு அதிகம், டிரைக்கோடெர்மா என்று ஒன்று இருக்கிறது, இந்த வேலைக்காரர்களின் நிரந்தரத் தலைவலி. ஈரம் எவ்வளவு, சூடு எவ்வளவு, எந்த நாளில் என்ன மாறியது என்று குறித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிப் பார்க்கிறாளா, இல்லை இரண்டாவது டப்பாவிலேயே சலித்துவிடுகிறதா என்று கவனியுங்கள். மதிப்பெண் பட்டியலைவிட இது எனக்கு அதிகம் சொல்லும்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் விடுதியையும் நீங்கள் பாருங்கள் சார். வலிமை சோதிக்கும் இயந்திரத்தைப் பட்டப்படிப்பு மாணவர்கள் தொட விடுவார்களா, கிருமி நீக்கும் வசதி எந்தத் துறையின் ஆய்வகத்தில் இருக்கிறது, வேறு துறை மாணவி அதைப் பயன்படுத்த முடியுமா, இதையெல்லாம் அவளே கேட்கட்டும்.