போக்கரில் பேங்க்ரோல் என்றால் என்ன? அதை ஏன் கணக்காக வைத்திருக்க வேண்டும்?

போக்கர் ஆட மட்டும் தனியே ஒதுக்கிய பணம்தான் பேங்க்ரோல். வாடகைப் பணம், சேமிப்பு எதுவும் இதில் சேராது.

நன்றாக ஆடினாலும் தோற்கலாம் என்பதுதான் சிக்கல். உங்களிடம் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு கிங், மொத்தப் பணமும் நடுவில். அப்போதும் 100-க்குச் சுமார் 18 முறை அவர்தான் ஜெயிப்பார். இப்படி நாலைந்து அடி வரிசையாகவும் விழும். அதனால்தான் சாதாரண மேசைக்கு 20 முதல் 30 பை-இன் (உட்காரக் கட்டும் தொகை) கையிருப்பு வேண்டும் என்பார்கள். டோர்னமென்ட்டுக்கு இன்னும் அதிகம். என்னைக் கேட்டால் சாதாரண மேசைக்கு 30. குறைந்தால் சின்ன மேசைக்கு இறங்குங்கள், கௌரவம்தான் கொஞ்சம் இடிக்கும்.

விதைநெல் மாதிரிதான்: ஒரு போகம் பொய்த்தாலும் அடுத்ததற்கு மிச்சம் இருக்கும்.

பலர் இதை ஜெயிக்கும் வித்தை என்று நினைக்கிறார்கள். ஆட்டம் சரியில்லை என்றால் பணம் எப்படியும் கரையும், கொஞ்சம் மெதுவாக.