கதவைத் திறப்பது காலண்டரா?

கேள்வி: அண்ணா பிறந்தநாள், எம்.ஜி.ஆர். நூற்றாண்டு என்று ஏதாவது ஒரு சாக்கில் கொலைக் குற்றவாளிகளை வெளியே விடுகிறார்கள். கேட்டால் ‘திருந்த ஒரு வாய்ப்பு’ என்கிறார்கள். மக்களைக் காப்பதுதானே சட்டத்தின் முதல் வேலை? குற்றவாளி திருந்தி யாருக்கு என்ன ஆகப்போகிறது? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: உங்களுக்குத்தான் ஆகப்போகிறது. சாகும்வரை உள்ளேயே இருக்கப்போகும் சிலரைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மற்ற எல்லோரும் ஒருநாள் வெளியே வந்து நம் பஸ்ஸில்தான் ஏறப்போகிறார்கள். பக்கத்து சீட்டில் உட்காருபவர் எப்படிப்பட்டவராக இருந்தால் உங்களுக்கு வசதி?

ஆனால் உங்கள் கோபம் நியாயமானது. மதுரை மாவட்டத்து மேலவளவு கிராமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தனித்தொகுதியான அந்த ஊராட்சிக்குத் தலைவராக ஜெயித்த ஒரே குற்றத்துக்காக, 1997 ஜூன் 30 அன்று முருகேசனையும் உடன் வந்தவர்களையும் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டைச் சொல்லி விடுவித்தார்கள். இவர்கள் ஊர் திரும்பினால் முருகேசனின் சொந்தக்காரர்கள் கதவைத் திறந்துவைத்துத் தூங்க முடியுமா என்று யோசித்துவிட்டா சிறைக் கதவைத் திறந்தார்கள்? எம்.ஜி.ஆர். பிறந்து நூறு வருஷம் ஆனதற்கும் ஒரு கொலையாளியின் மனம் மாறியதற்கும் என்ன சம்பந்தம்? இதற்குத் ‘திருத்தம்’ என்று நீங்களும் பெயர் வைக்காதீர்கள். காலண்டரைப் பார்த்துத் திறந்துவிடுவது வேறு, ஆளைப் பார்த்துத் திறந்துவிடுவது வேறு.

சரி, நீங்கள் கேட்கிற ‘மக்களைக் காக்கும்’ வழி எப்படி நடக்கிறது? நம்மிடம் 1982-இல் வந்த குண்டர் சட்டம் இருக்கிறது. கலெக்டரோ கமிஷனரோ கையெழுத்துப் போட்டால் 12 மாதம்வரை உள்ளே. பேப்பரில் ‘குண்டாஸ் பாய்ந்தது’ என்று படித்ததும் நமக்கு ஒரு நிம்மதி. அப்புறம் என்ன நடக்கிறது என்பது நான்கு வரிச் செய்தியாகக்கூட வராது. கைதிக்குக் கொடுத்த ஆவண நகல் படிக்கிற மாதிரி இல்லை, அவர் கொடுத்த மனுவைப் பரிசீலிக்கத் தாமதம் என்று உயர்நீதிமன்றம் ரத்து செய்துவிடும். நீதிமன்றத்தைக் குறை சொல்ல முடியாது. விசாரணையே இல்லாமல் ஒருவரை அடைப்பதென்றால் காகிதமாவது ஒழுங்காக இருக்க வேண்டாமா? ஊர்ப் பாதுகாப்பு ஜெராக்ஸ் மெஷினை நம்பி இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. ரத்தாகாவிட்டாலும் ஒரு வருஷம் முடிந்ததும் வெளியே. இங்கேயும் காலண்டர்தான்.

அந்த ஒரு வருஷம் அவர் யாரோடு இருக்கிறார்? 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்த சுமார் 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் இன்னும் நிரூபணம் ஆகாதவர்கள். ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காத ஏழைகளும் இதில் உண்டு. செல்போன் திருடிய வழக்கில் வந்த இருபது வயதுப் பையன், கட்டப்பஞ்சாயத்து ஆசாமியின் அறிமுகத்தோடு வெளியே வருவான். இந்தப் பாடத்துக்கு ஃபீஸ் கட்டுவது நம் வரிப்பணம்.

நார்வேயைக் கைதிகளின் மாமியார் வீடு என்று கிண்டலடிப்பார்கள். 2011-இல் 77 பேரைக் கொன்ற பிரெய்விக்குக்கு அங்கே கிடைத்தது 21 வருஷம்தான். அவ்வளவுதானா என்று நானும் அப்போது கொதித்தேன். பிறகுதான் புரிந்தது, அந்த 21 முடிந்தாலும் ஆள் இன்னும் ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதினால் ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்கொண்டே போகலாம் என்று. 2022-இல் பரோல் கேட்டு வந்தார். மனநல மருத்துவர் சாட்சி சொன்னார், நீதிபதிகள் முடியாது என்றார்கள். திருத்துவதில் பேர்போன நாடு, திருந்தாதவரை விடுவதில்லை. நம் உச்ச நீதிமன்றமும் 20, 30 வருஷம் எந்தச் சலுகையும் கூடாது என்று ஆயுள் தண்டனை கொடுக்க முடியும். ஆகவே சட்டத்தில் பல் இல்லை என்று சொல்லாதீர்கள்.

இரண்டில் ஒன்று என்று என் கழுத்தில் கத்தி வைத்தால், மக்களைக் காப்பதுதான் முதலில் என்று உங்கள் பக்கமே நிற்பேன். ஆனால் உள்ளே இருப்பவரிடம் என்ன மாறியிருக்கிறது என்று பார்க்காமல் எப்படிக் காப்பீர்கள்?

புழல் சிறை நடத்தும் பெட்ரோல் பங்குக்கு ஒருமுறை போனேன். பெட்ரோல் போடுகிறவர்கள் தண்டனைக் கைதிகள். சிறைக்குள் வாங்கும் கூலியில் ஒரு பங்கு, பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்குப் போகிறது. ஐம்பது வயது இருக்கும் ஒருவர் என் ஸ்கூட்டருக்கு வந்தார். என்ன கேஸ் என்று கேட்க நாக்கு வரைக்கும் வந்தது, கேட்கவில்லை. நான் பர்ஸைத் துழாவிக்கொண்டிருந்தேன். அவர் பைப்பைக் கையில் வைத்தபடி காத்திருந்தார்.

“சார், மீட்டர்ல ஜீரோ பாத்துக்கங்க” என்றார்.