டல்லாஸ் பேச்சு ஃபிலடெல்ஃபியாவில் மாறுமா?

டல்லாஸிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்குக் குடிவந்ததும் 6 வயது மகளின் பேச்சு மாறிவிட்டது, 15 வயது மகன் 'பென்' என்று கேட்டால் மட்டும் வகுப்பில் 'பின்' என்றே காதில் விழுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பையன் மேல் குறையே இல்லை. 7 வயதுக்குள் ஊர் மாறும் பிள்ளைகள் புது ஊர்ப் பேச்சைப் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்; 14ஐத் தாண்டினால் அது அரிது. அதிலும் டெக்சாஸில் பலருக்கு ன, ம ஒலிகளுக்கு முன்னால் இகரமும் எகரமும் ஒன்றாகிவிடும். ஒன்றாகிப் போனதைத் திரும்பப் பிரிப்பதுதான் பெரும்பாடு.

வாய்க்கு முன் காதைப் பழக்குங்கள். பின்–பென், டின்–டென், ஜிம்–ஜெம் ஆகியவற்றை உள்ளூர் நண்பன் ஒருவன் கலைத்துப்போட்டு வாசிக்கட்டும். அதை போனில் பதிந்து, எந்தச் சொல் என்று மகனை எழுதச் சொல்லுங்கள். தவறாமல் எழுதிய பிறகு பேசட்டும். அவசரப்பட்டால் 'பின்'னையும் 'பென்' ஆக்கிவிடுவான்.

மகளுக்கும் எல்லாம் வந்துவிடாது. அங்கே 'மேட்' (mad), 'பேட்' (bad), 'கிளேட்' (glad) மூன்றிலும் உயிரொலி இறுகும், அதாவது நாக்கு சற்று உயர்ந்து நீட்டி ஒலிக்கும்; 'சேட்'டில் (sad) தளரும். ஃபிலடெல்ஃபியா புறநகரான கிங் ஆஃப் பிரஷ்யாவில் ஆர்வில்லா பெய்ன் நடத்தி 1980இல் வெளியான ஆய்வில், பெற்றோரும் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த பிள்ளைகளுக்குத்தான் இந்த வேறுபாடு முழுசாகக் கைவந்தது. இதைத் திருத்தப் போகாதீர்கள். இதனால் பேச்சு யாருக்கும் புரியாமல் போவதில்லை.