கல்லாப் பணமும் மூன்று அருள்நிறை மந்திரமும்

அன்புள்ள ஐயா,

சினிமாவில் அடிக்கடி வரும் காட்சி. ஒருவன் கொலை செய்துவிட்டு சர்ச்சுக்குப் போகிறான். மரக்கூண்டுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு ஃபாதரிடம் சொல்கிறான். அவர் சிலுவை வரைகிறார், இவன் பாரம் இறங்கி வெளியே வருகிறான். இது இவ்வளவு சுலபமா? அடுத்த வாரம் அதையே செய்துவிட்டு மறுபடி போகலாம்தானே? செத்தவனின் குடும்பமே மன்னிக்காதபோது நடுவில் ஒரு பாதிரியார் மன்னிக்க யார்? கேட்டதைப் போலீசிடம் சொல்லாமல் இருப்பதும் தப்பில்லையா? அலுவலகத்தில் ஒரு பெந்தெகொஸ்தே நண்பர், "அது கத்தோலிக்கர் வழக்கம். நாங்க நேரா கர்த்தர்கிட்டயே கேட்போம், இரட்சிக்கப்பட்டாச்சு" என்கிறார். அது இன்னும் சுலபமாக இருக்கிறது. எங்கள் பக்கம் வினை என்றால் அனுபவித்துத்தான் தீர வேண்டும்.

ரா., ஈரோடு

அன்புள்ள ரா.,

கொலையை இப்போதைக்கு ஓரமாக வைப்போம். சின்னத் திருட்டு ஒன்றை எடுத்துக்கொண்டால் இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பது நன்றாகத் தெரியும்.

ஒரு ஜவுளிக்கடையில் கல்லாவில் உட்காருகிறவர் என்று வையுங்கள். வாரம் ஐநூறு வீதம் முப்பது வாரம் எடுத்திருக்கிறார். மொத்தம் 15,000 ரூபாய். தவக்காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில், பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வருகிறார். பாவத்தைக் குருவிடம் அறிக்கையிடுவதுதான் பாவசங்கீர்த்தனம், தொட்டி என்பது நீங்கள் சொன்ன மரக்கூண்டு. "பாவசங்கீர்த்தனம் செஞ்சு ஒரு வருஷமாகுது சாமி" என்று தொடங்குகிறார். "திருடினேன்" என்று மட்டும் சொன்னால் போதாது. சாவான பாவம், அதாவது பெரிய பாவம் என்றால் வகையும் எண்ணிக்கையும் சொல்ல வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத் தொகுப்பு (988). எதை எடுத்தார், ஏறத்தாழ எத்தனை முறை எடுத்தார் என்பது வேண்டும். கோயில் உண்டியலில் எடுத்திருந்தால் அதன் வகையே மாறிவிடும், அதையும் சொல்ல வேண்டும். வீட்டுக் கஷ்டத்தை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை, கூட்டாளி யார் என்று குருவானவர் கேட்கவும் கூடாது. தெரிந்தே ஒரு பெரிய பாவத்தை மறைத்தால் அன்றைய பாவசங்கீர்த்தனம் முழுவதும் செல்லாது. மறந்துபோனது வேறு கணக்கு, அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம்.

இதற்குப் பிறகு வரும் ஒரு கேள்வியைத்தான் சினிமா வெட்டிவிடுகிறது. "எடுத்த பணத்தை என்ன பண்ணப் போறீங்க?"

"செலவாகிப்போச்சு சாமி, மாசம் ஆயிரம்தான் முடியும்" என்றால் சரி, தவணையாகக் கொடுக்கலாம். "முதலாளிக்குத் தெரியவா போகுது, திருப்பித் தர மாட்டேன்" என்றால் பாவ விமோசனம் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமல் இருந்து, குருவானவரும் ஏமாந்து கை நீட்டி மன்னிப்பு வார்த்தையைச் சொல்லிவிட்டாலும் அது ஒட்டாது. எடுத்ததைத் திருப்பித் தராதவரை பாவம் மன்னிக்கப்படுவதில்லை என்று பழங்கால ஆயர் (பிஷப்) அகுஸ்தீனார் தம் கடிதம் ஒன்றில் (153) வெட்டு ஒன்று துண்டு இரண்டாக எழுதினார். மேற்குத் திருச்சபையின் அறநெறி நூல்கள் இன்றுவரை அந்த வாக்கியத்தின் மேல்தான் நிற்கின்றன.

திருப்பித் தருவதற்கும் நுணுக்கமான விதிகள் உண்டு. தன்னைக் காட்டிக்கொடுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. பெயர் போடாத கவரில் வைக்கலாம், குருவானவர் கையிலேயே கொடுத்து அனுப்பலாம். முதலாளி இறந்திருந்தால் வாரிசுகளுக்குச் சேர வேண்டும். யாரிடம் எடுத்தோம் என்றே தெரியாத பணம் ஏழைகளுக்குப் போக வேண்டும். ஆனால் முதலாளி உயிரோடு இருக்கும்போது அவர் பணத்தை உண்டியலில் போட்டுக் கணக்கை முடிக்க முடியாது. பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். கடவுளுக்குக் கொடுத்தாயிற்று என்று மனம் சமாதானமாகிவிடுகிறது, கடைக்காரருக்கோ 15,000 ரூபாய் இன்னும் பாக்கி. பணத்தைவிடக் கடினமானது அவதூறு. ஒரு பெண்ணைப் பற்றி நாலு பேரிடம் பொய் சொல்லியிருந்தால், அந்த நாலு பேரிடமும் போய் "நான் சொன்னது பொய்" என்று சொல்ல வேண்டும்.

அடுத்த வாரம் மறுபடி செய்யலாமே என்கிறீர்கள். பழைய ஞானோபதேசம், அதாவது கத்தோலிக்கரின் போதனை நூல், நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் கேட்கிறது: பாவங்களை நினைத்துப் பார்ப்பது, மனஸ்தாபப்படுவது (செய்ததற்கு வருந்துவது), இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை பண்ணுவது, குருவிடம் சொல்வது, அவர் இட்ட அபராதத்தைத் தீர்ப்பது. மறுபடி செய்யும் திட்டத்தோடு வருகிறவனிடம் மூன்றாவது இல்லை. அவன் வந்தபடியே திரும்பிப் போகிறான், புனிதமான ஒன்றை ஏமாற்றிய பாவமும் கூடச் சேர்கிறது. ஆனால் "மறுபடி விழுந்துருவேனோன்னு பயமா இருக்கு" என்கிற குடிகாரர் கதை வேறு. பயம் திட்டமல்ல. அவருக்கு நூறாவது முறையும் மன்னிப்பு உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஒரே மாதிரி தெரிவார்கள்.

மூன்று அருள்நிறை மந்திரம் (மரியாளை நோக்கிய சின்ன ஜெபம்) சொல்வது ஒரு அபராதமா என்று சிரிக்கத் தோன்றும். நான்காம் நூற்றாண்டில் செசரியா ஆயர் பசிலியார் வேண்டுமென்றே கொலை செய்தவனுக்கு விதித்தது 20 ஆண்டு. முதல் 4 ஆண்டு கோயில் வாசலுக்கு வெளியே நின்று உள்ளே போகிறவர்களிடம் தனக்காக வேண்டச் சொல்லி அழ வேண்டும். 5 ஆண்டு வேத வாசகம் கேட்டுவிட்டு வெளியேற வேண்டும். 7 ஆண்டு முழங்காலில். கடைசி 4 ஆண்டு மற்றவர்களோடு நிற்கலாம், நற்கருணை (பூசையில் தரும் அப்பம்) மட்டும் கிடையாது. அந்தக் காலத்தில் ஞானஸ்நானத்துக்குப் பிறகு இப்படி ஒரு வாய்ப்பு வாழ்நாளில் ஒரே முறைதான். விளைவு என்ன? ஞானஸ்நானத்தையே சாகும்வரை தள்ளிப்போட்டார்கள். கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி 337-ல் மரணப்படுக்கையில்தான் ஞானஸ்நானம் பெற்றார். அதிகக் கடுமை ஆட்களை வாசலிலேயே நிறுத்தியது. பிறகு ஐரிஷ் துறவிகள் தனியாக, திரும்பத் திரும்பச் செய்யும் முறையைப் பரப்பினார்கள். 1215-ல் திருச்சபைத் தலைவர்கள் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் வருடத்துக்கு ஒரு முறையாவது என்று கட்டாயமாக்கியது. அபராதம் மெலிந்தது, மெலிந்ததைக் காசாக மாற்றும் வழியும் வந்தது. பாவத் தண்டனையைக் குறைக்கும் 'பலன்'களை விற்ற அந்த வியாபாரத்தைத்தான் 1517-ல், புராட்டஸ்டண்ட் பிரிவுக்கு வித்திட்ட லூத்தர் பிடித்துக்கொண்டார்.

தமிழுக்கு இதில் ஒரு பழைய பங்கு உண்டு. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே வேலை செய்த போர்த்துக்கீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் 1578-ல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்க'த்தை அச்சிட்டார். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்'. அதற்கும் அடுத்த ஆண்டு, 1580-ல் வந்தது 'கொம்பெசியொனாயரு'. பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்பதற்கான கையேடு அது. தமிழ் எழுத்து அச்சேறிய மூன்றாவது வருடமே ஒருவன் தன் குற்றத்தைத் தன் மொழியில் எண்ணிச் சொல்ல ஒரு புத்தகம் கிடைத்துவிட்டது.

வினையை அனுபவித்தே தீர வேண்டும் என்றீர்கள். கத்தோலிக்கர் அதில் பாதியை ஒப்புக்கொள்வார்கள். குற்றம் மன்னிக்கப்பட்டாலும் அதற்கான தண்டனைப் பாக்கி மிஞ்சும், இங்கே தீராதது சாவுக்குப் பின் உத்தரிக்கிற ஸ்தலத்தில் (சுத்திகரிக்கப்படும் நிலையில்) தீரும் என்பது அவர்கள் போதனை. உங்கள் நண்பர் இதை ஏற்க மாட்டார். சிலுவையிலேயே முழுவதும் தீர்ந்தது என்பார். அதைச் சுலபம் என்று தள்ளிவிடாதீர்கள். லூத்தர்கூடத் தனிப் பாவ அறிக்கையை ஒழிக்கவில்லை. லூத்தரன்களின் விசுவாசப் பிரகடனமான 1530-ன் ஆக்ஸ்பர்க் அறிக்கை அதை வைத்துக்கொண்டது, எல்லாப் பாவத்தையும் எண்ணிச் சொல்ல வேண்டும் என்பதைத்தான் விட்டது. காரணம் சங்கீதம் 19: "தன் பிழைகளை உணருகிறவன் யார்?" தன்னையே முழுசாகத் தெரியாதவன் முழுப் பட்டியல் எப்படிப் போடுவான்? இது கூர்மையான கேள்வி என்றே நினைக்கிறேன்.

நண்பரிடம் பேசும்போது சகேயுவின் கதையை எடுங்கள், லூக்கா 19. வரி வசூலித்து மக்களைச் சுரண்டிய ஆள். இயேசு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, உன் வீட்டில் தங்க வேண்டும் என்கிறார். அதுவரை அவன் ஒரு காசும் திருப்பித் தரவில்லை. கூப்பிட்ட பிறகுதான் எழுந்து நின்று, பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது "நாலத்தனையாக", அதாவது நாலு மடங்காக, என்கிறான். தயவு முதலில் வருகிறது, இலவசமாக. பணம் அதன் பின்னால் வருகிறது, ஆனால் வந்தே ஆக வேண்டும். புராட்டஸ்டண்டுகள் முன்பாதியை உரக்கச் சொல்வார்கள், கத்தோலிக்கர் பின்பாதியை. இரட்சிப்பு கிருபையால், நம் தகுதியால் அல்ல என்பதில் 1999-ல் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் வத்திக்கானும் சேர்ந்தே கையெழுத்துப் போட்டாயிற்று.

இனி போலீஸ். கேட்டதை வெளியிடும் குருவுக்கு அந்தக் கணமே சபை நீக்கம். அதை நீக்கும் அதிகாரம் ரோமுக்கு மட்டும். வெளியே சொல்லாமல் இருந்தால் மட்டும் போதாது. நம் கல்லாக்காரர் அந்தக் கோயில் பங்கின் கணக்குப் பொறுப்பில் இருந்தாலும், இதைக் காரணமாக வைத்து அவரை மாற்றக்கூடாது. அவரிடமே தெருவில் இதைப் பற்றி எடுக்கவும் கூடாது. போலீசில் சரணடைந்தால்தான் மன்னிப்பு என்று நிபந்தனை போடவும் முடியாது என்று 2019 ஜூனில் வத்திக்கான் தெளிவுபடுத்தியது. சரணடையச் சொல்லி வற்புறுத்தலாம், அவ்வளவுதான். நம் நாட்டுச் சாட்சியச் சட்டம் வக்கீலுக்குத் தருகிற பாதுகாப்பைக் குருவுக்குத் தருவதில்லை. குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் தெரிந்தால் யாராக இருந்தாலும் புகார் செய்ய வேண்டும் என்கிறது 2012-ன் போக்சோ சட்டம். திருச்சபைச் சட்டமும் நாட்டுச் சட்டமும் நேருக்கு நேர் மோதுகின்றன. இதில் உங்கள் உறுத்தல் நியாயமானது. குழந்தை விஷயத்தில் இந்த ரகசியக் காப்புக்கு யாரும் திருப்தியான பதில் சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

செத்தவனின் குடும்பம்? குருவானவர் அவர்கள் சார்பில் மன்னிப்பதில்லை, அந்த அதிகாரம் அவருக்கு இல்லை. பைபிளில், தன் படைவீரன் உரியாவைக் கொல்லவைத்த தாவீது ராஜா, நான் பாவஞ்செய்தேன் என்றதும் தீர்க்கதரிசி நாத்தான் உடனே, கர்த்தர் உன் பாவத்தை நீங்கச் செய்தார் என்கிறார். அடுத்த வசனமே தண்டனை. மனிதர் தரும் மன்னிப்பும் நீதிமன்றத்தின் வேலையை நிறுத்துவதில்லை. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெய்ன்ஸையும் 10, 6 வயது மகன்கள் இருவரையும் ஜீப்புக்குள் வைத்து எரித்தார்கள். அவர் மனைவி கிளாடிஸ் கொலையாளிகளை மன்னித்துவிட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். வழக்கு அதன் பாட்டுக்கு நடந்தது. 2003-ல் முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு மரண தண்டனை, 2005-ல் உயர்நீதிமன்றம் அதை ஆயுளாகக் குறைத்தது, 2011-ல் உச்சநீதிமன்றம் அந்த ஆயுளை உறுதி செய்தது. கிளாடிஸ் தன் மன்னிப்பையும் திரும்பப் பெறவில்லை.